இரண்டாவது ஊசிக்குக் காத்திருந்த கண்டி: வைரஸ் திரிபும் அதன் விளைவும்

கொள்ளைநோயின் நடுவே புதிய திரிபு தோன்றினால் அடுத்து என்ன நடக்கும்? நாட்பட நாட்பட வைரஸ் வீரியம் குன்றிச் சாதாரணத் தடிமனாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக உண்டு. இலங்கையின் 2021 கொவிட் அனுபவம் அதற்கு இடம் தரவில்லை. சித்திரைப் புத்தாண்டையொட்டிப் பரவிய அல்பா, முன்பிருந்த வகையை ஒதுக்கித் தள்ளியது. ஜூனில் கொழும்பு தெமட்டகொடையில் கண்டறியப்பட்ட டெல்டா, அல்பாவையும் ஒதுக்கியது. இரண்டுமே முந்தியவற்றைவிட வேகமாகப் பரவின. கடுமையான நோயையும் தந்தன. 2020 முழுவதிலும் இலங்கையில் பதிவான கொவிட் மரணங்கள் ஏறத்தாழ 200. 2021 ஆகஸ்ட் இறுதியில் ஒரே நாளில் அவ்வளவு பேர் இறந்தனர்.

நோயாளி படுக்கையில் விழுமுன்பே இவ்வைரஸ் அடுத்தவரைத் தொற்றிவிடுகிறது. பின்னர் அவர் பிழைத்தாலும் இறந்தாலும் அதன் பரவலுக்குப் பெரிய இழப்பில்லை. எனவே அது சாந்தமாகியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

விளைவைத் தீர்மானிப்பதில் வைரஸின் இயல்புக்கு நிகராக, அது வந்திறங்கும் வேளையில் மக்களிடமுள்ள எதிர்ப்பாற்றலுக்கும் பங்குண்டு என்பதே என் வாதம். கண்டி மாவட்டத்தில் பலருக்கு ஸ்புட்னிக்-வி முதல் ஊசி போடப்பட்டது. அத்தடுப்பூசியின் இரு ஊசிகளும் ஒன்றல்ல. முதலாவது அடினோ வைரஸ் 26ஐயும், இரண்டாவது அடினோ வைரஸ் 5ஐயும் கொண்டு செய்யப்பட்டவை. ஆகவே முதலாவதன் கையிருப்பை இரண்டாவதற்கு ஈடாகக் கொடுக்க முடியாது. இரண்டாவதன் வரத்துத் தாமதித்தது, டெல்டா தாமதிக்கவில்லை. அந்த ஆகஸ்ட்டில் எசல பெரஹெரா பார்வையாளரின்றி நடந்தது. 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது.

ஸ்புட்னிக் முதல் ஊசி மட்டும் பெற்ற, முன்பு தொற்றுக்குள்ளாகாத 327 பேரை ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் சந்திம ஜீவந்தர, நீலிகா மலவிகே குழுவினர் ஆராய்ந்தனர். நான்கு வாரங்களில் 88.7 வீதமானோரிடம் பிறபொருளெதிரிகள் உருவாகியிருந்தன. நல்ல செய்திதான். ஆனால் 60 வயதைக் கடந்தோரிடம் அந்த வீதம் தெளிவாகக் குறைந்திருந்தது. கொவிட் அதிகம் கொன்றதும் அவர்களையே. சராசரியைப் பார்த்து ஆறுதலடைபவர் இந்த முதியோரைக் காணத் தவறிவிடுகிறார். கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களின் லயங்களில் மூன்று தலைமுறை ஒரே காம்பராவில் வாழும்போது, முதியவரைத் தனிமைப்படுத்துங்கள் என்ற அறிவுரைக்கு என்ன பொருள்?

டிசம்பரில் ஒமிக்ரோன் வந்தபோது நிலைமை வேறு. வளர்ந்தோரில் பெரும்பாலானோர் இரு ஊசிகளும் பெற்றிருந்தனர். டெல்டாவைக் கடந்து வந்தவர்களும் ஏராளம். தொற்று பெருகியும் மரணங்கள் ஆகஸ்ட் அளவை எட்டவில்லை. இதை ஒமிக்ரோனின் சாந்த குணத்துக்கு மட்டும் உரியதாக்க முடியாது. 2022 தொடக்கத்தில், முதியோர் பலர் தடுப்பூசி பெறாதிருந்த ஹொங்கொங்கில் அதே ஒமிக்ரோன் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது.

அடுத்த கொள்ளைநோய்க்குத் திட்டமிடும் சுகாதார அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள்: முதல் ஊசியைப் பங்கிடும் அன்றே முதியோருக்குரிய இரண்டாவது ஊசியை ஒதுக்கிவையுங்கள். அந்தப் பட்டியலை லயங்களிலிருந்து தொடங்குங்கள்.