ஆட்டுப் பட்டியும் இயேசுநாதர் உவமைகளும்

பம்பாய் மார்க்கமாகச் சென்னைக்கு ரயிலில் வரும் தமிழ் அன்பர்கள், ரேணிகுண்டாவைக் கடந்ததுமே மூட்டை முடிச்சுகளைச் சரிசெய்யத் தொடங்கிவிடுவார்கள். ஊர் நெருங்கிவிட்ட பரபரப்பில் சன்னலுக்கு வெளியே பார்ப்போர் சிலரே. பூடி, தடுக்கு என்னும் சிறு நிலையங்களை வண்டி தாண்டும்போது, குன்றடியில் முட்புதர் மண்டிய மேய்ச்சல் நிலமும் அதில் ஆட்டு மந்தைகளும் தென்படும். வடமாலபேட்டை அந்தப் பக்கத்து ஊர். சித்தூர் மாவட்டத்தில் இருந்த அது, 2022இல் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது அதனுடன் சேர்ந்தது. பழைய கணக்கில் அது தொண்டை மண்டலத்தின் வடகோடி.

மொழிபெயர்ப்பு என் தொழில். ஒரு சொல்லை வேறு மொழியில் வைக்கும்போது, அச்சொல் குறிக்கும் பொருளை வாசகர் கண்ணால் கண்டிருக்கிறாரா என்பது எங்களுக்கு ஓயாத கவலை. 1715இல் தரங்கம்பாடி அச்சகத்திலிருந்து சீகன்பால்க் ஐயரின் தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அவருக்கும் அவர் வழிவந்தோருக்கும் எத்தனையோ சொற்கள் தொல்லை தந்திருக்கும்; ஆனால் ஆட்டு மந்தை தந்திராது. மேய்ப்பன், பட்டி, மந்தை, கிடாய், குட்டி எல்லாம் தமிழில் ஆயத்தமாக இருந்தன. முல்லை நிலத்து ஆயன் பிற்காலத்தில் கிறிஸ்தவத் தலைமைக் குருவுக்கே பெயராகி, ‘ஆயர்’ என வழங்குவதை நாம் அறிவோம்.

சொல் இருந்தது, பொருளும் இருந்ததா? சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக வடமாலபேட்டை சென்றபோது, ஊருக்கு வெளியே பட்டியடைக்கும் வேளையில் சிறிது நேரம் நிற்க நேர்ந்தது. சுவிசேஷங்களின் ஆட்டு உவமைகளில் பல, அந்த ஒரு மணி நேர வேலைக்குள் அடங்கியிருக்கக் கண்டேன்.

முதலில் பிரித்தல். மத்தேயு சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரத்தில், மேய்ப்பன் செம்மறிகளை வலப்பக்கமும் வெள்ளாடுகளை இடப்பக்கமும் பிரித்து நிறுத்துவது போல நியாயத்தீர்ப்பு நடக்கும் என்று இயேசுநாதர் கூறுகிறார். ஐரோப்பியர்க்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. அவர்கள் நாட்டுச் செம்மறி உடலெங்கும் கம்பளி மூடியது. வெள்ளாட்டோடு அதை ஒருவரும் மயங்கார். பிரிப்பதில் என்ன திறமை என்று கேட்கத் தோன்றும். இந்தப் பகுதியில் மேயும் நெல்லூர்ச் செம்மறிக்கோ கம்பளி இல்லை, மயிர்தான். நெடிய கால், ஒடுங்கிய உடல். புதியவர் கண்ணுக்கு வெள்ளாடே போல் இருக்கும். முழு வெள்ளை நிறத்ததைப் பல்லா என்றும், வெண்மையில் முகத்தருகே கரும்புள்ளி உள்ளதை ஜோடிப்பி என்றும், பழுப்பு நிறத்ததைத் தோரா என்றும் அழைக்கின்றனர்.

பெயரை நம்பியும் பயனில்லை. பால்போல் வெளுத்த பல்லாவும் நம் மொழியில் செம்மறிதான். கரிபோல் கறுத்திருப்பினும் மற்றது வெள்ளாடுதான்! நான் விழிப்பதைக் கண்ட முதிய இடையர் சிரித்துக்கொண்டே, “வாலைப் பாருங்க சாமி. தொங்கினா செம்மறி, நிமிந்தா வெள்ளாடு” என்றார். ஆனால் அவர் வாலைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கோலை இப்படியும் அப்படியும் அசைத்தார், மந்தை இரண்டாயிற்று. பகலெல்லாம் செம்மறி தலை தாழ்த்திப் புல் கறித்ததையும், வெள்ளாடு பின்னங்காலில் நின்று தழை இழுத்ததையும் கண்டிருந்தவருக்கு மாலையில் ஆராய வேண்டியது ஒன்றுமில்லை. நெருக்கமான பட்டியில் வெள்ளாடு முட்டி இடம் பிடிக்கும், செம்மறி ஒடுங்கி நிற்கும், ஆதலால் பிரித்தடைக்கிறார்கள். அந்த உவமையில் வலப்பக்கத்தாரும் இடப்பக்கத்தாரும் ஒருங்கே வியந்து, நாங்கள் எப்போது அப்படிச் செய்தோம் என்று கேட்கின்றனர். தம் இனம் தமக்கே தெரியவில்லை. பகல் முழுதும் உடன் நடந்தவனுக்குத் தெரிகிறது. கம்பளி நாட்டில் மங்கிப்போகும் இந்தக் கருத்து, இம்மண்ணில் விளக்கமின்றியே விளங்குகிறது.

அடுத்தது குரல். அகநானூற்றில் தூறலில் கோலூன்றி நின்று வாயை மடித்துச் சீழ்க்கையடிக்கும் இடையன் வருகிறான். அன்று நான் கேட்டது நாவை அண்ணத்தில் தட்டி எழுப்பும் ஒலி. திருமண வீட்டுப் பையன் ஒருவன் அதே ஒலியை எழுப்பிப் பார்த்தான். ஓர் ஆடும் திரும்பவில்லை. அந்நியன் குரலுக்கு ஆடுகள் பின்செல்லா என்று யோவான் சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரம் சொல்வது இதைத்தான். செம்மறியை மந்தபுத்தி என்று ஏளனம் செய்வோர் ஒன்றை அறிய வேண்டும்: இங்கிலாந்தில் பாபிரகாம் ஆய்வு நிலையத்தார், அது தன் இனத்தின் 50 முகங்களை இரண்டு ஆண்டுக்கு மேல் நினைவில் வைத்திருக்கும் என்று 2001இல் வெளியிட்டனர்.

இனி எண்ணிக்கை. பட்டியின் திறப்பில் இரண்டிரண்டாக எண்ணி உள்ளே விடுகின்றனர். நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போன உவமையைப் படிக்கும்போது, ஒன்றுக்காகத் தொண்ணூற்றொன்பதை விட்டுப்போவது என்ன கணக்கு என்று நானும் எண்ணியதுண்டு. கணக்கு நம் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தாவிளக்கு வைப்போர் ஆடுகளைத் தானமாகத் தந்தனர். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு. திருவொற்றியூர் போன்ற தொண்டை மண்டலத்துக் கோயில்களில் 90. இடையன் அவற்றைப் பெற்று, தஞ்சையில் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தான். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு தரும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, மூப்படையாத ஆடுகள்! ஆடு சாகாமலா இருக்கும்? செத்ததன் இடத்தில் குட்டியை நிறுத்தி எண்ணிக்கையைக் குறையாமல் காப்பது இடையன் பொறுப்பு என்பதே பொருள். அவன் தவறினால் நெய் அளக்கவேண்டிய உறவினர் பெயர்களும் தஞ்சைக் கல்லில் உள்ளன. கல்வெட்டு அறிஞர் இதைச் சமய தர்மம் என்று பாராட்டுவர், பாராட்டுக்கு உரியதே. எனினும் குறைந்த ஒவ்வோர் ஆடும் யாரோ ஓர் ஏழை இடையன் தலையில் விழுந்தது என்பதையும் நினைக்க வேண்டும்.

பாலஸ்தீனத்திலும் இதே நிலைதான். காட்டு விலங்கு கிழித்த ஆடுகளின் நஷ்டத்தைத் தானே ஏற்றதாக யாக்கோபு தன் மாமனிடம் முறையிடும் இடம் ஆதியாகமத்தில் வருகிறது. பீறுண்ட ஆட்டின் மிச்சத்தைச் சாட்சியாகக் கொண்டுவந்தால் கூலிக்கு மேய்த்தவன் தப்பலாம் என்பது மோசேயின் சட்டம். ஆகவே ஆட்டைக் கண்டுபிடித்தவன் அண்டை அயலாரைக் கூட்டி மகிழும்போது, கடன் நீங்கியவனின் பெருமூச்சும் அந்த மகிழ்ச்சியில் கலந்திருக்கிறது.

ஆட்டின் இயல்பும் இதற்கேற்றது. தொண்ணூற்றொன்பதும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும், எளிதில் சிதறா. தனித்துப்போன செம்மறி நிலைகொள்ளாது ஓடும், கதறும், களைத்துப் படுத்துவிடும். பெரும்பாலும் தானாக வீடு திரும்பாது. கூட்டம் கண்ணில் படாதவரை நடக்கவும் மறுக்கும். ஆகவேதான் முப்பது கிலோவை ஒட்டிய அந்தப் பாரத்தைத் தோளில் சுமக்கிறான். வழிதவறும் குட்டியின் காலை மேய்ப்பனே ஒடித்துப் பின்பு சுமப்பான் என்று சில பிரசங்கிகள் சொல்வதுண்டு. சுவிசேஷத்தில் அப்படி ஒன்றும் இல்லை. எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன புத்தூர் பக்கத்திலே அதைச் சொன்னால் இடையர்கள் நகைப்பார்கள்.

அன்று வடமாலபேட்டையில் முதியவர் எண்ணி முடித்ததும், மறுபடி எண்ணினார். ஒன்று குறைந்தது. வாரத்துக்கு மேய்க்க வாங்கிய பிறத்தியார் ஆடு, சினையாடு. தம்பியைப் பட்டித் திறப்பில் உட்காரவைத்து, மகனின் கைப்பேசி விளக்கை வாங்கிக்கொண்டு குன்றுப் பக்கம் நடந்தார். நாங்கள் திருப்பதிப் பேருந்துக்குச் சாலையோரம் காத்திருந்த முக்கால் மணி நேரமும், அந்த நாத்தட்டு ஒலி இருட்டில் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது.