ஆரணிக்கு வந்த அடுத்த டெஸ்க்டாப்

ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவரின் கணினித் திரையில் காலையிலேயே இடம் தீர்ந்துவிடும். பார்டர் ஒரு ஃபைல், உடல் புட்டா ஒரு ஃபைல், முந்தி ஒரு ஃபைல். கடைக்காரர் மாதிரிக்கு அனுப்பிய பழைய சேலையின் படம் வாட்ஸ்அப்பில். கூலிக் கணக்கு எக்செல்லில். இவ்வளவும் ஒரே சேலைக்கு. பக்கத்தில் இன்னொரு ஆர்டரும் ஓடினால் கூலிக் கணக்கைத் தவிர எல்லாம் இரண்டிரண்டு.

இட நெருக்கடியைக்கூடச் சமாளித்துவிடலாம். ஒன்றைப் போல இன்னொன்று இருப்பதுதான் ஆபத்து. 240 கொக்கி ஜக்கார்டுக்கு வரையும் பார்டர் எதுவானாலும் 240 கட்டம் அகலம்தான். எளிய டிசைனில் திரையில் ஒரு வரி என்பது ஓர் அட்டை, ஓர் அட்டை என்பது ஓர் ஊடை. அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், கொக்கி ஏறும், பாவு நூல் எழும். ஓட்டை இல்லையென்றால் நூல் அப்படியே கிடக்கும். திரையில் சிறிதாக்கிப் பார்த்தால் இந்த ஆர்டரின் மாங்காய்க்கும் அந்த ஆர்டரின் மாங்காய்க்கும் வித்தியாசம் தெரியாது. மாற்றி சேவ் செய்துவிட்டால், தறியில் ஒரு சாண் ஓடிய பிறகுதான் தெரியும். அதற்குள் பட்டும் ஜரிகையும் போய்விடும். அட்டையே வேண்டாத எலக்ட்ரானிக் ஜக்கார்டில் ஃபைல் பென் டிரைவில் நேரே போகிறது. தப்பும் அதே வேகத்தில் போகிறது.

ஜக்கார்டு அட்டையிலிருந்து கணினி பிறந்த கதை எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம். நான் சொல்ல வந்தது வேறொரு பயணத்தை. திரையில் விண்டோக்களை வேலைவாரியாகப் பிரித்து வைக்கும் ‘அடுத்த டெஸ்க்டாப்’ ஆரணி வரை வந்த கதை அது.

பயணம் தொடங்கிய ஊர் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ. அங்கே ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் 1973-இல் உருவான ஆல்டோ கணினியின் திரை 606-க்கு 808 புள்ளிகள். ஒன்றன்மேல் ஒன்றாக விண்டோக்களை அடுக்கும் பழக்கம் அங்கே ஸ்மால்டாக் என்ற நிரல்மொழிச் சூழலில் தொடங்கியது. அடுக்கத் தெரிந்தவுடன் அடியில் போனதைத் தேடும் தொல்லையும் வந்தது. அதே ஆய்வுக்கூடத்தின் ஆஸ்டின் ஹென்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும், ஆட்கள் விண்டோக்களை எப்படிப் புழங்குகிறார்கள் என்று ஆராய்ந்து 1986-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனிதர் விண்டோக்களைக் கொத்துக் கொத்தாகத்தான் தொடுகிறார்; ஒரு வேலைக்கு ஒரு கொத்து. வேலை மாறும்போது கொத்தே மாறுகிறது. கொத்து திரையில் அடங்காதபோது, ஒன்றை ஒதுக்கி ஒன்றை இழுப்பதிலேயே பொழுது போகிறது. நினைவகம் போதாத கணினி, டிஸ்க்கிலிருந்து பக்கங்களை மாற்றி மாற்றி இழுத்துத் திணறுவதை ஆராய்ந்து பீட்டர் டென்னிங் 1968-இல் எழுதியிருந்தார். அந்தக் கணக்கையே இவர்கள் மனிதர்மேல் போட்டுப் பார்த்தார்கள்.

அவர்கள் செய்த மென்பொருளின் பெயர் ரூம்ஸ். ஒரு வேலைக்கு ஓர் அறை. அறைக்கு அறை கதவு. எந்த அறைக்குப் போனாலும் கூடவே வர வேண்டியவற்றைப் போட்டுக்கொள்ளப் பை. எல்லா அறைகளையும் ஒரே பார்வையில் காட்ட ஒரு படம். அறைகளை மொத்தமாகச் சேமித்து வைக்கவும் வழி இருந்தது. இதைக் கவனத்தில் வையுங்கள்.

பிறகு இந்த அறை யோசனை யூனிக்ஸ் உலகத்துக்குள் போய் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிட்டது. லினக்ஸின் கேடிஇ, க்னோம் இரண்டிலும் பல டெஸ்க்டாப் தொடக்கத்திலிருந்தே சாதாரண விஷயம். விண்டோஸ்காரர்களுக்கோ எக்ஸ்பி காலத்தில் மைக்ரோசாஃப்டிடமிருந்து தனியாக இறக்கி நிறுவும் ஒரு குட்டிக் கருவிதான் கிடைத்தது. ஆப்பிள் 2007-இல் ஸ்பேசஸ் என்று கொண்டுவந்தது. ஆரணித் தெருக்களில் ஆப்பிள் கணினியை அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்?

நெசவாளர் வீட்டுக்குப் பல டெஸ்க்டாப் வந்த வழிதான் சுவாரசியமானது. 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அந்த ஆண்டு அரசின் எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டது 9.12 லட்சம் கணினிகளுக்கு. பிளஸ் டூ படித்த பிள்ளைகள் வழியாக, ஒரு பக்கம் தறி ஓடும் வீடுகளுக்குள்ளும் கணினி நுழைந்தது. அதில் இரண்டு இயங்குதளங்கள்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். ஸ்டார்ட்டரில் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. பாஸிலோ கீழ்ப்பட்டையின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள்; ஒவ்வொன்றும் ஒரு தனி டெஸ்க்டாப். கன்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி சேர்த்து அழுத்தினால் போதும். பாலோ ஆல்டோ சரக்கு இலவசமாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. பாட்டும் படமும் பார்த்த பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தக் கட்டங்களைத் தொட்டிருப்பார்கள்? அதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாமா என்பது என் ஆதங்கம்.

விண்டோஸில் பல டெஸ்க்டாப் முறைப்படி வந்தது 2015 ஜூலை 29-இல், விண்டோஸ் 10 உடன். விண்டோஸ் பொத்தான், கன்ட்ரோல், டி அழுத்தினால் புது டெஸ்க்டாப். டிக்குப் பதில் அம்புக்குறி என்றால் அடுத்ததற்குத் தாவலாம். இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள்: டிசைன் எல்லாம் ஒன்றில், வாட்ஸ்அப்பும் பிரவுசரும் இன்னொன்றில், கணக்கு மூன்றாவதில் என்று மென்பொருள்வாரியாகப் பிரிக்கிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டு மாங்காய்ப் பார்டர்களும் மறுபடி ஒரே இடத்தில்தான் கிடக்கும். ஆர்டர்வாரியாகப் பிரிக்க வேண்டும். ஒரு சேலையின் பார்டர், உடல், முந்தி, கடைக்காரர் அனுப்பிய படம் எல்லாம் ஒரே டெஸ்க்டாப்பில். கீழ்ப்பட்டையில் அந்த டெஸ்க்டாப்பின் விண்டோக்கள் மட்டுமே தெரியும்படிதான் விண்டோஸ் வைத்திருக்கிறது. அதை மாற்றாமல் விடுங்கள். விண்டோஸ் 11-இல் ஒவ்வொன்றுக்கும் பெயரும் வேறு பின்னணிப் படமும் வைக்கலாம். கடையின் பெயரையே வைத்து, அந்தச் சேலையின் உடல் நிறத்திலேயே ஒரு படத்தைப் பின்னணியாகப் போட்டால், எந்த ஆர்டரில் இருக்கிறோம் என்று கண்ணே சொல்லிவிடும்.

கூலிக் கணக்கு மட்டும் எல்லா ஆர்டருக்கும் பொது. விண்டோஸ், டாப் அழுத்தி அதன்மேல் வலது கிளிக் செய்தால், எல்லா டெஸ்க்டாப்பிலும் காட்டச் சொல்லலாம். ஹென்டர்சனும் கார்டும் வைத்த பை இதுதான். அறைகளைச் சேமிக்கும் வசதி மட்டும் வழியிலேயே தங்கிவிட்டது. கணினியை அணைத்துப் போட்டால் டெஸ்க்டாப்பின் பெயர் இருக்கும், உள்ளே திறந்து வைத்திருந்த ஃபைல்கள் இருக்காது. யுபிஎஸ் இல்லாத இடத்தில் கரண்ட் போய் வந்தால், டிசைன் போடுகிறவர் முதல் பார்டரிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வர வேண்டியதுதான்.