சென்னையில் பழைய புல்லட் மீட்டெடுப்பு

பழைய புல்லட் மீட்டெடுப்பு என்பது, இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்டு சென்னை திருவொற்றியூரில் தயாரிக்கப்பட்ட என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிளை முழுவதும் பிரித்து, பழுது நீக்கி, மறுபடி பூட்டி ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் பணி. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளில் வீட்டு முகப்பிலும் அடுக்ககத்தின் வண்டி நிறுத்தத்திலும் ஆர்வலர்கள் தாங்களே செய்துகொள்ளும் வேலையாக இது இருந்து வருகிறது. பி.எஸ்.ஏ., நார்ட்டன், மேட்ச்லெஸ் போன்ற பிற பிரிட்டிஷ் வண்டிகளை மீட்பதிலிருந்து இது ஒரு வகையில் வேறுபட்டது. புல்லட் பிறந்த ஆலை இங்கிலாந்தில் மூடப்பட்ட பின்னரும், அதன் உதிரிபாகங்கள் சென்னையின் வடகோடியில் பல பத்தாண்டுகள் தயாராகிக்கொண்டிருந்தன. இதனால் மீட்டெடுப்பு எளிதாயிற்று; ஆனால் மீட்கப்பட்ட வண்டியில் அசல் எவ்வளவு என்ற கேள்வி சிக்கலாயிற்று.

ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் மிதிவண்டி தயாரித்துவந்த என்ஃபீல்டு நிறுவனம் 1901-ல் தன் முதல் மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. புல்லட் என்ற பெயர் 1930-களின் தொடக்கத்தில் வந்தது. இன்று நாம் புல்லட் என்று அடையாளம் காணும் உருவம், அதாவது பின்சக்கரத்துக்கு அசையும் கைகளும் ஸ்பிரிங்கும் கொண்ட 350 சி.சி. வண்டி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1940-களின் இறுதியில் உருவானது.

எல்லைக் காவலுக்கு மோட்டார் சைக்கிள் தேடிய இந்திய அரசு புல்லட்டைத் தேர்ந்தெடுத்து ராணுவத்துக்காக 800 வண்டிகளுக்கு ஆணை கொடுத்தது. 1955-ல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் இங்கே பூட்டப்பட்டன. பிறகு அச்சுகளும் கருவிகளும் வாங்கப்பட்டு, 1960-களின் தொடக்கத்தில் முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே தயாராயிற்று. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றது. 1977-ல் திருவொற்றியூர் வண்டிகள் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. தாய்வீட்டுக்குச் சீர் போன கதைதான்.

1955-ன் வடிவம் சென்னையில் ஏறத்தாழ அப்படியே நீடித்தது. 70 மில்லிமீட்டர் துளை, 90 மில்லிமீட்டர் ஓட்டம், 346 சி.சி. கொள்ளளவு, வார்ப்பிரும்பு சிலிண்டர், தனியாகப் பூட்டிய நான்கு வேக ஆல்பியன் கியர்பெட்டி, வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்ற அமைப்பு பல பத்தாண்டுகளுக்கு மாறவில்லை. மின்சாரம் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்குப் போனது, கார்புரேட்டர் மாறியது. அவற்றைத் தவிர, 1960-ம் ஆண்டு வண்டியைக் கழற்றத் தெரிந்தவருக்கு 1990-ம் ஆண்டு வண்டியும் கைக்கு வரும்.

வீட்டில் பிரித்தல்

நெடுநாள் நின்ற புல்லட்டில் முதல் வேலை எண்ணெயை வடிப்பது. இதன் எண்ணெய்த் தொட்டி தனியாக இல்லை. எஞ்சின் உறையின் பின்பகுதியிலேயே வார்க்கப்பட்டிருக்கிறது. வண்டி நிற்கும்போது எண்ணெய் பம்பு வழியே மெல்லக் கசிந்து சுழல்தண்டின் அறையை நிரப்பிவிடும். இதை அறியாமல் கிக்கரை உதைத்தால் எண்ணெய் கிடைத்த வழியிலெல்லாம் பீறிடும். வீட்டு வாசலின் கோலம் அன்றைக்குத் தப்பாது.

அடுத்த தடை திருகுகள். பழைய வண்டிகளில் பிரிட்டிஷ் மரைகள் கலந்து இருக்கின்றன. இவற்றுக்கான விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் தலை அகலத்தைக் குறிப்பதில்லை, தண்டின் விட்டத்தைக் குறிக்கிறது. மில்லிமீட்டர் ஸ்பேனர் சிலவற்றில் ஏறக்குறையப் பொருந்தும். அந்த ஏறக்குறையதான் நட்டின் முனைகளை மழுக்கிவிடுகிறது. முன்பு வேலை பார்த்தவர் எத்தகையவர் என்பதை நட்டுகளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

எஞ்சினை இறக்கி, தலைப்பகுதி, சிலிண்டர், பிஸ்டன் வரை பிரிப்பதை ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவரும் வீட்டில் செய்யலாம். சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறைக்கு அனுப்பி போர் போட்டு, இருபது அல்லது நாற்பது ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்குவார்கள். இங்கே இருபது என்பது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு. சுழல்தண்டு அப்படியல்ல. கனெக்டிங் ராடின் அடிப்பகுதியில் உருளைகளுக்குப் பதிலாக ஒரு மிதக்கும் புஷ் இருக்கிறது. எண்ணெய் சரியாகக் கிடைக்கும்வரை அது நன்றாக உழைக்கும். எண்ணெய் அடைபட்டால் முதலில் போவது அதுதான். அதை மாற்ற இரு பறவைச் சக்கரங்களையும் அழுத்தக் கருவியில் பிரித்து, மறுபடி சேர்த்து, ஒரே நேர்கோட்டில் சுழல்கின்றனவா என்று அளக்க வேண்டும். வீட்டு மீட்டெடுப்பு பட்டறையை நம்பியாக வேண்டிய இடம் இது. பலர் இந்தக் கட்டத்தில் புஷ்ஷை விட்டுவிட்டு உருளை வைத்த ராடுக்கு மாறிவிடுகிறார்கள். பயன் நோக்கில் இது சரியே. ஆனால் வண்டியின் உள்ளே ஒரு காலகட்டத்தின் அடையாளம் மறைந்துவிடுகிறது.

சென்னையின் கடற்காற்று இவ்வேலையை இருமடங்காக்குகிறது. மயிலாப்பூர், அடையாறு, பெசன்ட் நகர்ப் பகுதிகளில் மூடாமல் நிறுத்திய வண்டியின் குரோம் பூச்சு விரைவில் புள்ளி விழும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைப் பகுதிகளில் ஏராளமான வண்டிகள் நீரில் மூழ்கின. அப்படி மூழ்கிய எஞ்சினை உதைக்காமல், பிளக்கைக் கழற்றி நீரையும் எண்ணெயையும் வடித்து, உடனே பிரித்தால் பிழைக்கும். சில வாரம் தள்ளிப்போட்டால் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு துருவேறிப் பிடித்துக்கொள்ளும்.

பூட்டி முடித்ததும் உயிர்ப்பிக்கும் முறையும் தனி. சாவியைப் போட்டு, டீகம்ப்ரஸர் நெம்பை இழுத்துக்கொண்டு, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக நகர்த்த வேண்டும். பாயிண்ட் திறந்துவிட்டது என்பதை முள் காட்டுகிறது. அங்கிருந்து சற்றே தாண்டி, நெம்பை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே உதை. டைமிங் சரியாக வைத்த வண்டி அதிலேயே கிளம்பும். தவறாக வைத்தது காலைத் திருப்பி உதைக்கும்.

உதிரிபாகமும் அசலும்

கூவம் கரையிலுள்ள புதுப்பேட்டை கழித்த வண்டிகளைப் பிரித்து விற்கும் சந்தை. அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன. தியாகராய நகரிலிருந்து இரண்டும் ஒரு காலை நேரத்தில் போய்வரும் தொலைவே. நார்ட்டன் வைத்திருப்பவர் ஒரு சிறு வால்வுக்காகக் கடல்தாண்டி ஆணை அனுப்பிக் காத்திருக்கையில், புல்லட்காரர் மாலைக்குள் வாங்கிப் பூட்டிவிட முடிந்தது.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. 1958-ம் ஆண்டு வண்டிக்கு 1988-ன் மட்கார்டும் 1995-ன் தலைப்பகுதியும் பொருந்துகின்றன. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றப்பட்ட வண்டியில், கடைசியில் அந்த ஆண்டுக்கு உரியதாக மிஞ்சுவது சட்டகத்தின் கழுத்திலும் எஞ்சின் உறையிலும் வெட்டிய எண்கள் மட்டுமாக இருக்கக்கூடும். பெட்ரோல் டேங்கின் தங்கக் கோடுகளும் இப்படித்தான் தொலைகின்றன. திருவொற்றியூரில் அவை தூரிகை கொண்டு கையால் இழுக்கப்பட்டவை. பெயிண்ட் பட்டறையில் டேங்கைச் சுரண்டிப் புதுவண்ணம் அடித்தபின் ஒட்டும் ஸ்டிக்கர் கோடு நேராக இருக்கும், ஆனால் கைக்கோட்டின் ஏற்ற இறக்கம் அதில் இருக்காது. பழைய வண்ணம் பாதி நின்றாலும் அதை விட்டுவைப்பதே சிறந்த மீட்டெடுப்பு. ஆனால் பளபளப்பை விரும்புவோரே அதிகம்.

2021-ல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள் இக்கேள்விக்குச் சட்ட வடிவம் கொடுத்தன. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, சட்டகமும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய்; பத்தாண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். 1989-க்கு முந்தைய மூன்றெழுத்துப் பதிவெண்ணைப் பொக்கிஷமாகக் காப்போருக்கு இது ஆறுதல். ஆனால் பழம்பெரும் வாகனமாகப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே சாலையில் இறக்கலாம். காய்கறி வாங்க மயிலாப்பூர் மாடவீதிக்குப் புல்லட்டில் போகிறவருக்கு இப்பதிவு உதவாது.

2000-களின் இறுதியில் எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே உறைக்குள் அமைந்த புதிய எஞ்சின் வந்தது. வார்ப்பிரும்பு எஞ்சினின் தயாரிப்பு 2010 வாக்கில் முடிவுற்றது. அதன்பின் புதுப்பேட்டையில் கிடைப்பது எஞ்சியிருக்கும் கையிருப்பும், தரம் ஒன்றுக்கொன்று மாறும் வெளித் தயாரிப்புகளுமே. ஒரு காலத்தில் எடைக்குப் போட்ட தேய்ந்த பாகங்களை மீட்டெடுப்போர் இப்போது சேர்த்து வைக்கிறார்கள். விரிசல் விட்ட அலுமினிய எஞ்சின் உறையை, வேறு உறை கிடைத்தாலும் வாங்காமல், வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகிறார்கள். பதிவுச் சான்றில் இருக்கும் எண் அந்தப் பழைய உறையில்தான் இருக்கிறது.