குடத்தில் விழாத ஓலை

ஊராட்சி என்றதும் உத்திரமேரூர் என்பர். உத்திரமேரூர் என்றதும் குடவோலை என்பர். உலகுக்கே மக்களாட்சியைக் கற்பித்தவர் நாம் என்று மேடைதோறும் முழங்குவர். முழங்கட்டும், தடையில்லை. ஆனால், கல்வெட்டின் பெருமையைப் பேசுவோர் கல்வெட்டில் உள்ளதையும் படித்திட வேண்டாமா?

முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அக்கல்வெட்டுகள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தனர். பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஆட்டை வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். பதவிக் காலம் ஓராண்டு. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வர முடியாது. அவன் உறவினரும் வர முடியாது. இந்த விதியை இன்று நடைமுறைப்படுத்தினால் எத்தனை நாற்காலிகள் காலியாகும் என்று எண்ணிப் பாருங்கள்!

ஏரிக்கென்று தனி வாரியம் அமைத்தார்களே, அது அறிவுடைமை. ஆற்று நீரை நம்ப முடியாத தொண்டை மண்டலத்தில் ஏரியே உயிர். வண்டலை வாருவதற்கும், கரையை உயர்த்துவதற்கும், மதகைச் செப்பனிடுவதற்கும் பொறுப்பாளரும் பொருளும் ஒதுக்கினர். மழை தந்ததை மறு ஆண்டுக்கும் மறு தலைமுறைக்கும் காத்து வைத்தனர். நிலைத்த வளர்ச்சி என்று இன்றைய உலகம் பெயரிட்டழைப்பது இதைத்தானே!

ஆனால் யாருடைய பெயர் ஓலையில் ஏறியது? கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். அரைக்கால் வேலியே உடையவனானால், வேதத் தேர்ச்சி கூடுதலாக இருந்து அக்குறையை ஈடு செய்ய வேண்டும். அது பிரமதேய ஊரின் சபை. ஏனைய ஊர்களில் இருந்த 'ஊர்' என்னும் அவையிலும் நிலமுடையோர் குரலே ஓங்கியது. மண் வெட்டியவன் எங்கே? கரையில் கூடை சுமந்தவள் எங்கே? இடுப்பளவுச் சேற்றில் இறங்கியவன் எங்கே? அவர்கள் ஓலை குடத்தில் விழவே இல்லை. ஏரி அவர்கள் உழைப்பால் நிறைந்தது; அவை அவர்கள் இன்றி நடந்தது.

வெள்ளையர் வந்தனர். ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு நிலமுடையோனும் தனித்தனியே அரசுக்கு வரி கட்டும் நிலை வந்தது. ஊர்ப் பொதுவில் ஏரிக்கென ஒதுக்கிய பங்கும் மானியமும் சுருங்கின, ஏரிகள் தூர்ந்தன. பழுது கண்ட அரசு என்ன செய்தது? 1858இல் சட்டம் இயற்றி, கரை உடையும் ஆபத்து வந்தால் உழைக்கும் வகுப்பினரைக் கட்டாயமாக அழைக்கலாம் என்றது. உரிமை தந்து அழைக்கவில்லை. உத்தரவு போட்டு அழைத்தது. பொதுக் குளத்தில் கால் நனைக்கத் தகாதவன் என்று சாதி தள்ளி வைத்தவனும், கரை உடைந்தால் முதுகு கொடுக்க வேண்டியவனானான்!

செங்கற்பட்டுச் சீமையில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் முதலியோர் குரல் எழுப்பிய பின்னரே, 1924இல், பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லோர்க்கும் உரியவை என்னும் தீர்மானம் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. ஆயிரம் ஆண்டு ஊராட்சிப் பெருமை பேசிய நாட்டில், குடிநீர்க் கிணற்றை அணுகவே சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது. 1992இன் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சிறுபாசனம், குடிநீர், சமூகக் காடு உள்ளிட்ட 29 துறைகளை ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கலாமென வழி வகுத்தது. 1994இல் தமிழ்நாட்டின் ஊராட்சிச் சட்டம் வந்தது. வாக்காளர் பட்டியலில் உள்ள ஆணும் பெண்ணும் அனைவரும் கிராம சபை உறுப்பினர். அன்று சிலருக்கே வாய் திறந்த குடம், இன்று எல்லோர்க்கும் திறந்தது.

திறந்த குடத்தையும் கவிழ்த்து வைக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. குடவோலை பிறந்த இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் அடுத்த ஊராட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில்! இடையில் ஐந்தாண்டுகள் தனி அலுவலர் ஆட்சி. அந்த ஐந்தாண்டில்தான் 2019 கோடை வந்தது. செம்பரம்பாக்கம் ஏரி வறண்டது. அதற்கு முன், 2015 டிசம்பரில், அதே ஏரியின் உபரி நீர் அடையாற்றில் பாய, சென்னை வெள்ளத்தில் தத்தளித்தது. மூழ்கடித்த ஏரியே நான்காண்டில் வெடித்துக் கிடந்தது.

இந்த நிலப்பரப்பில்தான் மண்ணூர் இருக்கிறது. மண்ணும் ஊரும் கைகோத்த பெயர். திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை, ஏர் உழுத இடத்தில் இன்று எந்திரம் உழுகிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை இயங்கத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் மற்றொன்று. ஆலை வேண்டாம் என்பது அறிவன்று. நிலமில்லாதவன் பிள்ளை பண்ணையார் வாசலில் நிற்காமல் சம்பளம் வாங்கியது இந்த ஆலைகளால்தான். ஆலை நிலைக்க நீர் வேண்டும். நீர் நிலைக்க ஏரி வேண்டும். ஏரி நிலைக்க ஊர் விழித்திருக்க வேண்டும். இதுவே நம் வாதம்.

விழித்த ஊர் ஒன்று அருகிலேயே உண்டு. செம்பரம்பாக்கம் ஏரிக்கு அண்மையிலுள்ள குத்தம்பாக்கத்தில், 1996இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ ரங்கசாமி, விஞ்ஞானி வேலையை விட்டு வந்தவர். கிராம சபையில் மக்களோடு அமர்ந்து திட்டம் தீட்டினார். உள்ளூர் மண்ணில் கட்டிகள் செய்து, உள்ளூர்க் கைகளால் வீடுகள் எழுப்பினார். அங்கே எழுந்த சமத்துவபுரத்து இரட்டை வீடுகளில், ஒரு சுவரின் இப்புறம் ஆதிதிராவிடர் குடும்பம், அப்புறம் பிற சாதிக் குடும்பம். சாதிக் கோட்டை அழித்துத்தான் வளர்ச்சிக் கோட்டை வரைய முடியும் என்பதைக் காட்டிய ஊர் அது.

இனி நம் கடமை என்ன? சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. கையெழுத்திட்டுக் கலைவதற்கா கூடுவது? ஆலைகளிடமிருந்து வந்த வரி எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கணக்குக் கேளுங்கள். ஏரியின் எல்லையை வருவாய்த்துறை வரைபடத்தோடு ஒப்பிடக் கேளுங்கள். வரத்துக் கால்வாயை அடைத்தது எது, கழிவு நீர் கலப்பது எங்கே என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானமாக்கிப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆலைப் பகுதியின் வாடகை அறைகளில் நெருக்கியடித்து வாழும் ஒப்பந்தத் தொழிலாளர், வெளிமாவட்டத்தாரும் வடபுலத்தாரும், இந்த ஊர் நீரையே குடிக்கின்றனர். அவர்களில் எத்தனையோ பேர் இங்கே வாக்காளர் அல்லர். அதனால் கிராம சபையில் அவர்களுக்கு இடமில்லை. உழைப்பவன் ஓலை குடத்துக்கு வெளியே கிடந்த பழைய கதை, புதிய உடையில் திரும்பக் கூடாது. இங்கேயே நிலைத்தவரைப் பட்டியலில் சேர்க்கத் துணை நில்லுங்கள். சேராதவர் குறையையும் சபையில் எடுத்துச் சொல்லுங்கள்.

உத்திரமேரூரிடமிருந்து கணக்குக் கேட்கும் துணிவை எடுத்துக் கொள்வோம். ஆளை ஒதுக்கும் வழக்கத்தை அங்கேயே கல்லோடு விட்டு விடுவோம். சேற்றில் இறங்கியவன் சபையில் அமரட்டும். அன்றுதான் ஏரிக்கு உண்மைக் காவல் கிடைக்கும்.