எஸ்.பி.எம். முடிந்தும் துறை முடிவாகவில்லையா? ஆறாம் படிவத்தையும் யோசியுங்கள்

ஜொகூர் பாரு – எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "அடுத்து என்ன?" என்பதுதான். மருத்துவமா, பொறியியலா, கணக்கியலா என்று தெளிவாக இருப்பவர்களுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் 17 வயதில் அந்தத் தெளிவு எல்லாருக்கும் வந்துவிடுவதில்லை. கல்விக் கண்காட்சியில் கேட்ட பேச்சை நம்பி ஏதோ ஒரு துறையில் சேருபவர்களும், சிங்கப்பூரில் வேலை கிடைக்கிறதே என்று படிப்பை நிறுத்துபவர்களும் நம் மாநிலத்தில் உண்டு. இன்னும் முடிவெடுக்காத மாணவர்களுக்கு அரசாங்கப் பள்ளியிலேயே ஒரு வழி இருக்கிறது. அதுதான் ஆறாம் படிவம்.

ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை

ஆறாம் படிவத்தின் இறுதியில் கிடைப்பது எஸ்.டி.பி.எம். சான்றிதழ். 1982 முதல் இத்தேர்வை மலேசியத் தேர்வு மன்றம் நடத்தி வருகிறது. 2012இல் இது மூன்று தவணை முறைக்கு மாறியது. முதல் இரண்டு தவணைகளில் புள்ளி குறைந்தால், அந்தத் தாள்களை மீண்டும் எழுத வாய்ப்புண்டு.

மாணவர்கள் பொதுவாக நான்கு பாடங்கள் எடுப்பார்கள். அவற்றுள் 'பெங்காஜியான் ஆம்' எனப்படும் பொதுக்கல்வி, அறிவியல் பிரிவு, சமூக அறிவியல் பிரிவு இரண்டுக்கும் கட்டாயம். அரசியலமைப்பு, நாட்டு நிர்வாகம், மேம்பாடு, வெளியுறவு ஆகியவற்றைத் தேசிய மொழியில் படித்து எழுத வேண்டும், இடுபணியும் உண்டு. "பொதுப் பாடம்தானே" என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பொதுப் பல்கலைக்கழகத்தில் நுழைய இப்பாடத்திலும் வேறு இரண்டு பாடங்களிலும் குறைந்தது 'சி' நிலை தேவை.

மற்ற பாடங்கள் மாணவரின் தேர்வு. வரலாறு, பொருளியல், கணக்கியல், வணிகவியல், புவியியல் போன்றவற்றோடு தமிழ்மொழியும் உண்டு. தமிழில் ஆர்வமுள்ளவர்கள், 1956இல் தொடங்கப்பட்ட மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையையோ, தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் தமிழ்க் கல்வியையோ நோக்கிச் செல்லலாம்.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால்

மெட்ரிகுலேஷன் பெரும்பாலோருக்கு ஓராண்டில் முடிந்துவிடும். ஜொகூர் மெட்ரிகுலேஷன் கல்லூரி தங்காக்கில் உள்ளது. ஆனால் இடங்கள் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு என்பதால் போட்டி கடுமை. எஸ்.பி.எம்.மில் 10 ஏ பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் வழங்கப்படும் என 2024இல் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். அந்த அளவை எட்டாதவர்கள், மேல்முறையீட்டை மட்டும் நம்பி வீட்டில் காத்திருக்காமல் ஆறாம் படிவத்தில் சேர்ந்து படிக்கத் தொடங்குவது நல்லது.

தனியார் கல்லூரிகளின் அடித்தளக் கல்வி சீக்கிரம் முடியும். ஆனால் பல வேளைகளில் அது அந்தக் கல்லூரிக்கோ அதன் பங்காளிப் பல்கலைக்கழகங்களுக்கோ மட்டுமே பயன்படும். பாதியில் மனம் மாறினால் காலமும் கட்டணமும் வீண். டிப்ளோமா வேலைக்கு வழிகாட்டும் நல்ல படிப்பு. எனினும், சேரும்போதே துறையை முடிவு செய்தாக வேண்டும்.

எஸ்.டி.பி.எம். எந்த ஒரு பல்கலைக்கழகத்தையும் சார்ந்ததல்ல. உள்நாட்டில் மட்டுமின்றி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இதைக் கொண்டு விண்ணப்பிக்க அனுமதிக்கின்றன. பாலத்தைக் கடந்தால் போதும் என்ற தொலைவில் இருக்கும் ஜொகூர் மாணவர்களுக்கு இது முக்கியம்.

கவனிக்க வேண்டியவை

* ஆறாம் படிவம் எளிதல்ல. பாடம் ஆழமானது, ஐந்தாம் படிவத்தைப் போல் மனப்பாடத்தை மட்டும் நம்ப முடியாது.
* மூயெட் ஆங்கிலத் தேர்வைத் தனியாக எழுத வேண்டும். கடைசிவரை தள்ளிப்போடாதீர்கள்.
* பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கல்விக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்திற்கு 10 விழுக்காடு. மன்றம், விளையாட்டு, சீருடை இயக்கம் எதையும் விடாதீர்கள்.
* பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன், விரும்பும் பட்டப்படிப்புகளின் தகுதிகளைப் பாருங்கள். மருத்துவம், பொறியியல் எண்ணம் சிறிதேனும் இருந்தால் அறிவியல் பிரிவை விடக்கூடாது. பிறகு மாறுவது கடினம்.
* எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பாடமும் இல்லை. குறிப்பாகத் தமிழ்மொழிக்கு ஆசிரியர் உண்டா என்று பள்ளியில் முதலிலேயே கேளுங்கள்.

துறை தெரிந்த பிள்ளைக்குக் குறுகிய வழி போதும். தெரியாத பிள்ளைக்கு இந்த ஒன்றரை ஆண்டு வீணல்ல. யோசித்து முடிவெடுக்கக் கிடைக்கும் அவகாசம். அதுவும் பெற்றோர் கடன் வாங்காமல் கிடைக்கும் அவகாசம்.