ஓட்டில் இருக்கும் 1865

பத்து வருஷம் முன்னாடி மயிலாப்பூரில் ஒரு மாமாவிடம் தப்பான சேதி ஒன்றைச் சொல்லிவிட்டேன். அதைத் திருத்திக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

மாட வீதிகளை ஒட்டிய ஒரு சந்தில் அவர் வீடு. திண்ணை, ரேழி, ஊஞ்சல் தொங்கும் கூடம், மேலே மங்களூர் ஓடு. சீமை ஓடு என்றும் சொல்வார்கள். மச்சோ பால்ஸ் சீலிங்கோ கிடையாது, ஊஞ்சலில் மல்லாந்து படுத்தால் ஓட்டின் உள்பக்கம் அப்படியே தெரியும். கம்பெனி பேர் அச்சாகியிருப்பது அந்தப் பக்கத்தில்தான். ஆங்கில எழுத்து, நடுவில் 1865. "மாமா, உங்க வீட்டுக்கு நூற்றைம்பது வயசு" என்றேன். அவருக்கு ஏக சந்தோஷம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அதில் அடிபட்டுப்போனது அவருடைய பாட்டி. பாட்டி உயிரோடு இருந்தவரை, தன் வைரத்தோட்டை விற்றுத்தான் இந்தக் கூரை போட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். "தோடு போய் ஓடு வந்தது" என்பது அந்த வீட்டுப் பழமொழி. 1865-ல் பாட்டி பிறந்தேயிருக்க முடியாது. ஆகவே அது சும்மா பெருமைக்குச் சொன்னது என்று குடும்பமே முடிவு கட்டிவிட்டது. முடிவு கட்ட ஆதாரம் கொடுத்தவன் நான்.

எனக்குச் சந்தேகம் வந்தது தி.நகரில். பனகல் பார்க்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய பங்களாவின் கார் ஷெட். அதன் ஓட்டிலும் 1865. ஆனால் 1865-ல் தி.நகரே கிடையாதே! நுங்கம்பாக்கம், மாம்பலம் பக்கமெல்லாம் அப்போது நீளமான ஏரி. 1920-களில் அதை வடித்துத்தான் மாம்பலம் குடியிருப்புத் திட்டம் போட்டார்கள், பிறகு தியாகராயர் பேரை வைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றைக்கும் இருக்கிறது, லேக்கைத்தான் காணோம். ஏரித் தண்ணிக்குள் எவன் கார் ஷெட் கட்டியிருப்பான்?

அப்புறம்தான் ஓட்டுக் கம்பெனிகளின் கதையைத் தேடிப் படித்தேன். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தைச் சேர்ந்த மிஷன்காரர்கள் 1834-ல் மங்களூர் வந்தார்கள். மதம் மாறியவர்களைச் சாதிக்காரர்கள் ஒதுக்கிவைக்க, அவர்களுக்குப் பிழைப்புக்கு வழி வேண்டியிருந்தது. முதலில் தறி, அச்சகம். பிறகு கியோர்க் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் நேத்ராவதி ஆற்றங்கரைக் களிமண்ணைப் பார்த்துவிட்டு, ஜெப்புவில் ஓட்டுச் சூளை போட்டார். அந்த வருஷம்தான் 1865.

இந்த ஓட்டின் ஜாதகமும் ஐரோப்பாதான். ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பள்ளத்தில் பொருந்தி உட்காரும் ஓட்டுக்கு 1841-ல் காப்புரிமை வாங்கியவர்கள் கிலார்டோனி சகோதரர்கள். அவர்கள் ஊர் பிரான்சின் அல்சாஸ் பகுதியிலுள்ள ஆல்ட்கிர்ஷ், பாசலுக்குப் பக்கத்திலேயே. நம் குயவர்கள் சக்கரத்தில் வனைந்த நாட்டு ஓட்டை அடுக்கடுக்காகப் போட வேண்டும், வருஷா வருஷம் மாற்றிக் கட்ட வேண்டும், குரங்கு ஒரு தடவை நடந்தால் போச்சு. சீமை ஓட்டுக்கு ரீப்பர் கட்டையில் மாட்டினால் வேலை முடிந்தது. கிழக்கு ஆப்பிரிக்கா வரை கப்பலில் போயிற்று. 1868-ல் அல்புகர்க் கம்பெனி போட்டிக்கு வந்தது, அவர்கள் தங்கள் ஓட்டில் 1868 போட்டுக்கொண்டார்கள்.

இப்போது புரிந்திருக்கும். ஓட்டிலிருக்கும் வருஷம் ஓடு சுட்ட வருஷம் இல்லை, கம்பெனி தொடங்கிய வருஷம். நம்ம ஊர் அல்வாக் கடை போர்டில் போடுகிற மாதிரி. அதைப் படித்து வீட்டுக்கு வயசு சொல்வது, போர்டைப் பார்த்து அல்வாவுக்கு வயசு சொல்வது போலத்தான்.

அப்படியானால் ஓட்டை வைத்துக் காலமே சொல்ல முடியாதா? முடியும், வேறு இடத்தைப் படிக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் இதே வேலையைச் செங்கல்லில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊர்ச் செங்கல்லில் சூளையின் பேர் முத்திரையாக இருக்கும். கிளென்பாய்க் என்று போட்ட உலைச் செங்கல் கொதிகலனுக்கும் உருக்காலைக்குமாகக் கடல் கடந்து எங்கெங்கோ போயிருக்கிறது. எந்தச் சூளை எப்போது திறந்தது, எப்போது மூடியது, எந்த வருஷம் பேர் மாறியது என்று பட்டியல் இருந்தால், ஒரு கல்லை எடுத்ததும் இதற்கு முன்னால் இல்லை, இதற்குப் பின்னால் இல்லை என்று எல்லை கட்டலாம்.

நம் ஓட்டுக்கும் அந்த எல்லைகள் உண்டு. பாசல் மிஷன்காரர்கள் கோழிக்கோடு, பாலக்காடு என்று சூளைகளைப் பெருக்கிக்கொண்டே போனார்கள். ஃபெரோக் ஆலை 1905-ல் வந்தது, ஆகவே ஃபெரோக் பேர் இருந்தால் ஓடு அதற்கு முந்தியதல்ல. இதெல்லாம் அன்றைக்குச் சென்னை மாகாணம்தான். சென்னையிலிருந்து பாலக்காடு வழியாக பேப்பூருக்கு 1862-லேயே ரயில் போய்விட்டது, மங்களூருக்கோ 1907-ல்தான் வந்தது. மலபார் ஓடு ரயிலேறி மயிலாப்பூர் வருவது சுலபம்.

இன்னொரு எல்லை இன்னும் கறாரானது. முதல் உலகப் போரில், ஜெர்மன்காரர்கள் நிறையப் பேர் இருந்த கம்பெனி என்று பிரிட்டிஷ் அரசு பாசல் மிஷன் ஆலைகளைக் கையகப்படுத்தியது. போர் முடிந்ததும் அவை காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. முதலாளி மாறினாலும் 1865 என்ற வருஷத்தை விடவில்லை. அந்த மதிப்பை யார் விடுவார்கள்!

போன மாசம் மாமா வீட்டை இடித்தார்கள். பிளாட் வருகிறது. ஓடு பிரிக்கிற அன்றைக்குப் போய் நின்றேன். கொல்லைப்புறம் ஏழெட்டு கம்பெனி ஓடு கலந்து கிடந்தது, பக்கத்துப் பையன்களின் கிரிக்கெட் பந்து புண்ணியத்தில் மாற்றியவை. அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. கூடத்துக் கூரைதான் முக்கியம். அங்கே இறக்கிய ஓடு ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தேன். பாசல் மிஷன் ஒன்றுகூட இல்லை, அத்தனையும் காமன்வெல்த். பத்து வருஷம் முன்னாடி ஊஞ்சலில் படுத்துக்கொண்டு வருஷத்தை மட்டும் படித்திருக்கிறேன், பேரைப் படிக்கவில்லை.

ஓடு கூரைக்குத்தான் வயசு சொல்லும். சுவர் முந்தியதாக இருக்கலாம், மேலே முன்பு நாட்டு ஓடே இருந்திருக்கலாம். ஆனால் பாட்டியும் வீடு கட்டியதாகச் சொல்லவில்லையே, கூரை போட்டதாகத்தானே சொன்னார். கூரை முதல் போருக்குப் பிந்தியது. பாட்டி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது 1918-ல், கல்யாணப் பத்திரிகை இருக்கிறது.

மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நூற்றைம்பது வருஷம் போச்சேடா" என்றார் முதலில். அப்புறம், "பாட்டியை ரொம்பக் கேலி பண்ணிட்டோம்" என்றார்.

கூடத்து ஓடு ஒன்றை அவர் எடுத்து வைத்துக்கொண்டார். மீதியைப் பழைய சாமான் வியாபாரி லாரியில் ஏற்றினார். ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டுக்குப் போகிறதாம். உள்பக்கம் தெரிகிற மாதிரி மாட்டப்போகிறார்கள், அந்த 1865-க்காகவே கூட விலை கொடுத்திருக்கிறார்கள்.