எட்டு வருஷத்துக்குப் பிறகு

நீச்சலும் சைக்கிளும் ஒரு தடவை வந்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது என்பார்கள். விமானம் ஓட்டுவதும் அப்படித்தானா? டக்ளஸ் பேடரின் சரித்திரத்தில் இதற்கு ஒரு விசித்திரமான பதில் இருக்கிறது.

பேடர் பிரிட்டிஷ் விமானப் படையில் இளம் அதிகாரி. 1931 டிசம்பர் 14-ஆம் தேதி, ரெடிங் நகருக்குப் பக்கத்தில் உட்லி மைதானத்தில், தரையை ஒட்டியே கரணம் போட்டுக் காட்டினார். அவருடைய 'புல்டாக்' விமானத்தின் இறக்கை நுனி தரையைத் தொட்டது. அவ்வளவுதான்! இரண்டு கால்களையும் எடுத்துவிட்டார்கள்; ஒன்றை முழங்காலுக்கு மேலே, மற்றதை முழங்காலுக்குக் கீழே. அப்போது அவருக்கு வயது 21.

உலோகக் கால்களை மாட்டிக்கொண்டு, கைத்தடியும் வேண்டாம் என்று நடக்கப் பழகினார். 1932-இல் ஒரு விமானத்தைச் செவ்வையாக ஓட்டியும் காண்பித்தார். வைத்திய பரீட்சையிலும் தேறினார். ஆனால் 1933-இல் மேலிடத்திலிருந்து வந்த பதில் என்ன தெரியுமா? இப்படிப்பட்ட நிலைமைக்கு விதிகளில் இடமில்லையாம்! 'உன்னால் முடியாது' என்று சொல்லியிருந்தால் கூட மனிதர் ஒருவாறு ஆறியிருப்பார். முடியும், ஆனால் விதி இல்லை என்றால் யாரோடு வாதாடுவது? ஓர் எண்ணெய்க் கம்பெனியில் மேஜை உத்தியோகத்தில் போய் உட்கார்ந்தார்.

1939-இல் யுத்தம் வந்தது. விமானிகள் வேண்டியிருந்தார்கள், விதிகளும் இளகிக் கொடுத்தன. நவம்பர் 27-ஆம் தேதி பேடர் மறுபடியும் தனியாக ஆகாயத்தில் ஏறினார். ஏறியவர் சும்மா இறங்கினாரா? 600 அடி உயரத்தில் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டினார்! கால்களைப் பறித்துக்கொண்ட அதே மாதிரி விளையாட்டு. பொல்லாத மனிதர்தான்.

ஆக, நீச்சல் மறக்கவில்லை. ஆனால் ஆறு மாறிப் போயிருந்தது.

பழைய புல்டாக்கிற்கு மேலும் கீழுமாக இரண்டடுக்கு இறக்கை. சக்கரங்கள் எப்போதும் வெளியேதான் இருக்கும். புதிய 'ஸ்பிட்ஃபயர்' கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகம். சக்கரங்களை உள்ளே மடக்க வேண்டும். நினைவாகத் திரும்ப இறக்கவும் வேண்டும். அதைவிட முக்கியம், முன்னால் சுழலும் விசிறி. புல்டாக்கில் அதன் தகடுகளின் சாய்வு மாறாதது. ஸ்பிட்ஃபயரிலோ கிளம்புவதற்கு ஒரு சாய்வு, உயரே ஓடுவதற்கு வேறு சாய்வு. மோட்டார் காரின் கியர் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1940-இன் தொடக்கத்தில் ஒரு நாள், பேடர் அந்தச் சாய்வை மாற்ற மறந்தே கிளம்பினார். விமானம் ஓடியது, ஓடியது, எழும்பவே இல்லை. மைதானத்தைத் தாண்டி மோதி நொறுங்கியது. உலோகக் கால்கள் வளைந்து போயின. சொந்தக் கால்களாக இருந்திருந்தால் அன்றைக்கு அவை போயிருக்கும்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லோரும் பயந்தது அந்தக் கால்களைப் பற்றி. ஸ்பிட்ஃபயரில் பிரேக் கூட கைப்பிடியில்தான்; கால் இல்லாதது அவரைக் கவிழ்க்கவில்லை. மேஜைக்குப் பின்னால் கழிந்த வருஷங்கள் கவிழ்த்தன. கர்வி, பிடிவாதக்காரர் என்று பெயரெடுத்த பேடர், சாக்குச் சொல்லாமல் தம் தவறு என்று ஒப்புக்கொண்டார். எனக்கு அவரிடம் மரியாதை ஏற்பட்டது இந்த இடத்தில்தான்.

அதே வருஷம் ஜூன் மாதத்தில் 242-ஆம் விமானப் பிரிவுக்கு அவரையே தலைவராக்கினார்கள். 1941 ஆகஸ்டில் பிரான்ஸின் மேலே விமானம் உடைந்து, பாராசூட்டில் இறங்கி, ஜெர்மானியரிடம் கைதியானார். 1945-இல்தான் விடுதலை. மறு வருஷம் படையை விட்டுவிட்டு, பழைய எண்ணெய்க் கம்பெனிக்கே திரும்பினார். இந்தத் தடவை மேஜையோடு ஒரு விமானமும் கொடுத்தார்கள்.